ஈயிடம் கேட்டுச் சொல்!

விஞ்ஞானம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ராக்கெட், அணு உலை, வெள்ளை அங்கி அணிந்து சோதனைக் குழாயை உற்றுப் பார்க்கும் ஒருவர், இவைதானே? எனக்கு எங்கள் வீட்டுச் சமையலறைதான் நினைவுக்கு வரும். காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் அங்கே நடக்கும் பரிசோதனைகள் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு பருவம் முழுவதும் கூட நடப்பதில்லை. மேலும், சமையலறையில் கருவிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன!

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இந்த உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டிலும் வீதியிலும் எது வினோதமாக நடந்தாலும், "நீங்கள்தான் பிசிக்ஸ் வாத்தியார் ஆயிற்றே, ஏன் என்று சொல்லுங்கள்" என்று பிடித்துக்கொள்வார்கள். அப்படிக் காலையில் கண் விழித்ததிலிருந்து கல்லூரி வாசலில் இறங்கும் வரை என்னைத் துரத்தும் கேள்விகளில் சிலவற்றை இங்கே தருகிறேன். அவற்றில் ஒரு கேள்விக்கு விடை சொல்ல நான் பல ஆண்டுகள் தாமதித்துவிட்டேன். அது கடைசியில் வரும்.

கல்லின் மேல் நடனம்

முதல் கேள்வி தோசைக்கல்லிலிருந்து பிறக்கிறது. கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா என்ன செய்வார்கள்? விரலால் கொஞ்சம் தண்ணீரைத் தெளிப்பார்கள். 'சுர்' என்று சத்தம் போட்டுத் துளி மறைந்தால் கல் பதமாக இருக்கிறது. ஆனால் சில நாள், அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டால், துளிகள் சத்தமே போடுவதில்லை. முத்துப் போல உருண்டு கல்லின் மேல் இங்கும் அங்கும் ஓடி விளையாடுகின்றன. அடுப்பைக் குறைத்து, கல்லைத் துடைத்த பிறகுதான் மாவு ஊற்றுவார்கள்.

இதில் வினோதம் என்ன தெரியுமா? கொஞ்சம் சூடான கல்லில் துளி உடனே செத்துப்போகிறது. மிக மிகச் சூடான கல்லில் அதிக நேரம் உயிரோடு இருக்கிறது! இது என்ன நியாயம்?

1756ஆம் ஆண்டில் யோஹான் காட்லோப் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் வைத்திருந்தது ஓர் இரும்புக் கரண்டி. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஒரு துளி நீரை விட்டார். அது ஆவியாகி மறைய ஏறக்குறைய 30 வினாடிகள் ஆயின. கரண்டி சற்று ஆறிய பிறகு விட்ட அடுத்த துளி சுமார் 10 வினாடிகளில் போய்விட்டது. மேலும் ஆறிய கரண்டியில் இன்னும் சீக்கிரம்.

காரணம் இதுதான். கல்லின் வெப்பநிலை சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, துளியின் அடிப்பாகம் கல்லைத் தொட்ட மாத்திரத்தில் ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி, துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மெத்தைபோல நின்று துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. மெத்தையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆனால் ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே துளி, தன் உடம்பின் ஒரு பகுதியைக் கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொள்கிறது. உராய்வு இல்லாததால் வழுக்கி ஓடுகிறது.

சூடு மிகுந்த கல்லில் தோசை வார்க்க முயன்றால் மாவு ஒழுங்காகப் பரவாமல் கரண்டியோடு திரும்பி வரும். அம்மாவுக்கு லைடன்ஃப்ராஸ்டைத் தெரியாது. ஆனால் லைடன்ஃப்ராஸ்டின் கரண்டிக்குத் தெரிந்தது அம்மாவின் விரலுக்கும் தெரியும்!

பாலுக்குக் கண் உண்டா?

"பாலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னை அடுப்பருகே நிறுத்திவிட்டு என் மனைவி வாசலுக்குப் போவாள். நானும் கண் கொட்டாமல் பார்ப்பேன். பால் அசையாது. யோகியைப் போல உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் கிடக்கும் செய்தித்தாளின் தலைப்பு ஒன்றில் என் கண் போகும். அவ்வளவுதான்! அடுப்பு, மேடை, செய்தித்தாள் எல்லாம் வெள்ளை. பாலுக்குக் கண் இருக்கிறதா? நாம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்து பொங்குகிறதா?

முதலில், பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை என்று பார்ப்போம். தண்ணீர் கொதிக்கும்போது அடியில் தோன்றும் நீராவிக் குமிழிகள் மேலே வந்து உடனே உடைந்துவிடுகின்றன. பாலில் புரதமும் கொழுப்பும் உண்டு. சூடேறும்போது இவை மேற்பரப்பில் ஏடாகப் படிகின்றன. அடியிலிருந்து வரும் குமிழிகள் ஏட்டின் கீழே சிறைப்படுகின்றன. அதோடு, புரதம் ஒவ்வொரு குமிழியின் மீதும் சட்டை போல ஒட்டிக்கொள்வதால் குமிழி எளிதில் உடைவதில்லை. நுரை மேல் நுரை சேர்ந்து, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டுகிறது. சோறு வேகும்போது கஞ்சி பொங்குவதும் இப்படித்தான். அங்கே புரதத்தின் வேலையை அரிசியின் மாப்பொருள் செய்கிறது.

சரி, கண் திரும்பிய நேரம் பார்த்து ஏன்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். அரை லிட்டர் பாலை வைத்திருக்கிறோம். அடுப்பிலிருந்து பாத்திரத்துக்குள் வினாடிக்கு 800 ஜூல் வெப்பம் செல்வதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் இருக்கும் பால் 100 டிகிரியை எட்ட ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். இந்த மூன்று நிமிடமும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது.

கொதிநிலை வந்ததும் கதை மாறுகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஆகவே வினாடிக்கு மூன்றில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் நீராவி உண்டாகும். "இவ்வளவுதானா?" என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். அதாவது, பாலுக்குள் வினாடிக்கு அரை லிட்டருக்கும் மேலாக நீராவி பிறக்கிறது. அதில் ஒரு பகுதி நுரையில் சிக்கினாலே போதும். இரண்டு மூன்று வினாடிகளில் பாத்திரம் நிறைந்துவிடும்!

மூன்று நிமிடம் மௌனம், மூன்று வினாடி ரகளை. ஒரு செய்தித் தலைப்பைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? அதே மூன்று வினாடி. குற்றவாளி பால் அல்ல, நாம்தான். பாத்திரத்தில் ஒரு நீண்ட கரண்டியைப் போட்டு வைத்தால் ஏடு முழுதாக மூடாது. ஆவிக்கு வெளியேற வழி கிடைக்கும். ஆனால் அடுப்பை விட்டு நகராமல் இருப்பதே உத்தமம். இதை எழுதுகிறவன் அனுபவஸ்தன்.

டபராவின் பெருமை

தப்பித்த பாலில் காபி தயாராகிறது. நிறைந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தால் நாலைந்து அடிக்குள் தளும்பிச் சிந்துகிறது. ஏன்?

2012ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த இருவர், மேயர், கிரெச்செட்னிகோவ் என்பவர்கள், இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்கள். ஊஞ்சலுக்கு ஓர் இயற்கை அதிர்வெண் இருப்பதுபோல, கோப்பையில் இருக்கும் காபிக்கும் உண்டு. சாதாரணக் கோப்பையில் அது வினாடிக்கு மூன்று, நான்கு தடவை முன்னும் பின்னும் ஆட விரும்புகிறது. நாம் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி எடுத்து வைக்கிறோம். அவசரமாக நடந்தால் இரண்டும் இன்னும் நெருங்கிவிடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, நம் கால்களே காபியைத் தள்ளிக்கொடுக்கின்றன. அந்த ஆராய்ச்சிக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் வேடிக்கைப் பரிசு அது.

சிந்துவதைத் தடுக்க வழி உண்டா? ஒன்று, மெதுவாக நடப்பது. மற்றொன்று, டம்ளரை டபராவில் வைத்து எடுத்துச் செல்வது. இது சிந்துவதைத் தடுக்காது. ஆனால் சிந்தியது வீணாகாது!

மூன்றாவது வழியை டீக்கடையில் பார்க்கலாம். கடைக்கு வெளியே டீ கொண்டுபோகிறவர் கம்பிக் கூட்டில் ஆறு கண்ணாடி டம்ளர்களை வைத்து, மேலே உள்ள பிடியைப் பற்றிக்கொண்டு வீசி நடக்கிறார். ஒரு சொட்டும் சிந்துவதில்லை. தொங்கும் கூடு ஓர் ஊசல். அது சாயும்போது டம்ளரும் சாய்கிறது; டம்ளர் எந்தப் பக்கம், எந்த அளவு சாய்கிறதோ, அதே அளவு டீயின் மட்டமும் சாய்கிறது. ஆகவே டம்ளருக்குள் இருந்து பார்த்தால் டீ ஆடாமல் அசையாமல் இருக்கிறது. தூக்குவாளியை வீசிக்கொண்டு நடக்கும் பால்காரரின் ரகசியமும் இதுவே.

வராத பஸ்

காபி முடிந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன். என் எண் பஸ் அரை மணி நேரம் வருவதில்லை; வரும்போது இரண்டாகச் சேர்ந்து வருகிறது. "ஜோடி போட்டுக்கொண்டு வருகிறார்கள் பார்" என்று பக்கத்தில் நிற்பவர் திட்டுகிறார்.

பாவம், ஓட்டுநர்கள் மீது குற்றமில்லை. முதல் பஸ் ஏதோ காரணத்தால் கொஞ்சம் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடும். எல்லோரும் ஏறி முடிக்க நேரமாகும், தாமதம் வளரும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளில்லை. அது நிற்காமல் ஓடி முன்னதைப் பிடித்துவிடும். 1964ஆம் ஆண்டிலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மணிக்கு நான்கு பஸ்கள். அவை 5 நிமிடம், 25 நிமிடம் என்று மாறி மாறி இடைவெளி விட்டு வருகின்றன. சராசரி இடைவெளி 15 நிமிடம். அப்படியானால் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருந்தால் போதும் அல்லவா? போதாது! நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருகிறீர்கள். அது நீண்ட இடைவெளிக்குள் விழ 6இல் 5 பங்கு வாய்ப்பு; அதில் சராசரிக் காத்திருப்பு 12½ நிமிடம். குறுகிய இடைவெளிக்குள் விழ 6இல் ஒரு பங்கு வாய்ப்பு. அதில் காத்திருப்பு 2½ நிமிடம். கூட்டிப் பாருங்கள், சராசரி ஏறக்குறைய 10 நிமிடம் 50 வினாடி வரும். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான். நீண்ட இடைவெளி நீளமாக இருப்பதால்தான் அதில் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈயின் பிரச்சினை

ஒருவழியாகப் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இப்போது, தாமதித்துவிட்டேன் என்று சொன்னேனே, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வகுப்பில் நியூட்டனின் முதல் விதி. "ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம்?" என்று வழக்கமான உதாரணத்தைச் சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் எழுந்தான். அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன்.

"சார், பஸ்ஸுக்குள்ளே ஒரு ஈ பறந்துகொண்டிருந்தால்? பிரேக் போடும்போது அதுவும் முன்னால் போய்க் கண்ணாடியில் மோத வேண்டும் இல்லையா? மோதுவதில்லையே?"

எனக்கு விடை தெரியவில்லை. உண்மை அதுதான். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "அதை ஈயிடம் கேட்டுச் சொல்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். மீதி இருந்த காலமெல்லாம் என் வகுப்பில் அவன் மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனுக்கு 'ஈ' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விடையை இப்போது சொல்கிறேன். பஸ் வேகம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்றும் நம்மைப் போலவே முன்னால் போகப் பார்க்கிறது. ஆனால் முன்பக்கக் கண்ணாடி தடுக்கிறது. ஆகவே முன்பக்கம் காற்றழுத்தம் துளி கூடுகிறது, பின்பக்கம் துளி குறைகிறது. இந்த அழுத்த வேறுபாடுதான் காற்றையும் பஸ்ஸோடு சேர்த்து நிறுத்துகிறது. ஈ காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தியானது. அதை நிறுத்த இந்தச் சின்ன வேறுபாடு போதாது. எனவே பிரேக் போட்டதும் ஈயும் நம்மைப் போல முன்னால்தான் நகரத் தொடங்கும். நாம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். ஈ காற்றைப் பிடித்துக்கொள்கிறது! சிறகை மாற்றி அடித்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. பஸ் நிற்க மூன்று நான்கு வினாடி ஆகும். ஈக்கு அது ஏராளமான அவகாசம்.

இன்னும் வேடிக்கை, ஈக்குப் பதில் ஹீலியம் பலூன் இருந்தால். அது காற்றைவிட லேசானது. ஆகவே அதே அழுத்த வேறுபாடு அதை வேண்டிய அளவுக்கு மேலேயே பின்னால் தள்ளிவிடும். எல்லோரும் முன்னால் சாய, பலூன் மட்டும் பின்னால் போகும்!

பலூன் இல்லாவிட்டால் பாதகமில்லை. தண்ணீர்ப் பாட்டிலைக் கிட்டத்தட்ட முழுவதும் நிரப்பி, ஒரு சிறு குமிழி மட்டும் இருக்கும்படி மூடுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து, பாட்டிலைப் பயணத் திசையில் நீளவாக்கில் மடியில் படுக்க வையுங்கள். பிரேக் போடும்போது குமிழி பின்னால் ஓடும். பஸ் கிளம்பும்போது முன்னால் ஓடும். நியூட்டனுக்கு விரோதமாக அல்ல, நியூட்டன் சொற்படியே!

ஐஸ்கிரீம் செய்த பையன்

பல ஆண்டுகள் கழித்து எராஸ்டோ பெம்பா என்ற மாணவரின் கதையைப் படித்தேன். படித்தபோது என் காது சூடாகிவிட்டது.

1963ஆம் ஆண்டு. அன்று தாங்கனிக்கா என்று பெயர் பெற்றிருந்த, இன்றைய தான்சானியா நாட்டில் ஒரு பள்ளி. மாணவர்கள் பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறிய பிறகு குளிர்பெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் செய்வார்கள். பெட்டியில் இடம் பிடிப்பது பெரும்பாடு. ஒரு நாள் ஒரு பையன் பாலைக் காய்ச்சாமலே கலந்து உள்ளே வைத்துவிட்டான். இடம் போய்விடுமே என்ற பயத்தில் பெம்பா தம் பாலை ஆற வைக்காமல் சூடாகவே வைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால், சூடான பால் உறைந்திருந்தது. மற்றவனுடையது இன்னும் கெட்டித் திரவமாகவே இருந்தது!

ஆசிரியரிடம் கேட்டார். நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்று பதில் வந்தது. மேல்நிலைப் படிப்பில் வேறோர் ஆசிரியரிடம் கேட்டார். அது உலகத்து இயற்பியல் அல்ல, பெம்பாவின் இயற்பியல் என்று கேலி வந்தது. சக மாணவர்களும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெம்பா விடவில்லை. டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பல்கலைக்கழகப் பேராசிரியர் பள்ளிக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். மறுபடியும் சிரிப்பு. ஆஸ்போர்னும் நம்பவில்லை. ஆனால் சிரிக்கவில்லை; செய்து பார்ப்பதாக வாக்களித்தார்.

ஆய்வுக்கூட உதவியாளரிடம் பரிசோதனையை ஒப்படைத்தார். சூடான நீரே முதலில் உறைந்தது என்றும், சரியான முடிவு வரும் வரை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்போவதாகவும் அவர் வந்து சொன்னாராம்! நாம் எதிர்பார்த்த முடிவுதான் 'சரியான' முடிவு என்று நினைக்கும் பழக்கம் யாரைத்தான் விட்டது? 1969இல் பெம்பாவும் ஆஸ்போர்னும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 'பெம்பா விளைவு' என்ற பெயரும் நிலைத்தது.

விஷயம் அதோடு தீர்ந்துவிடவில்லை. கவனமாக அளந்தால் நீரில் இந்த விளைவு தென்படவில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 2020இல் கனடாவில் இரண்டு விஞ்ஞானிகள், நீரில் மிதக்கும் நுண்மணியைக் கொண்டு செய்த பரிசோதனையில், சூடான அமைப்பு சில சூழ்நிலைகளில் சீக்கிரம் குளிர்வதைக் காட்டினார்கள். ஒரு பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் பெட்டியின் முன் நின்று எழுப்பிய கேள்வி, அறுபது ஆண்டுகளாக ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சர் சி. வி. ராமனும் 1921இல் கப்பலில் வந்தபோது கேட்டது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற குழந்தைக் கேள்வியைத்தான். வானத்தின் நீலம் பிரதிபலிக்கிறது என்பதே அன்றைய பெரியவர்களின் விடை. அவர் கையில் இருந்த ஒரு சிறு பட்டகத்தால் பிரதிபலிப்பை அடக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. அந்தப் பாதைதான் 1928இல் ராமன் விளைவுக்கும், 1930இல் நோபல் பரிசுக்கும் அழைத்துச் சென்றது.

நண்பர்களே, உங்கள் கேள்விக்கு யாராவது சிரித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். சிரிப்பவருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. அப்போது உட்கார்ந்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுங்கள், கரண்டியை எடுங்கள், செய்து பாருங்கள்.

அந்த மாணவன் இன்று எந்த ஊரில் இருக்கிறானோ தெரியவில்லை. இந்த இதழ் அவன் கண்ணில் படுமானால், அவனுக்கு ஒரு செய்தி: தம்பி, ஈயிடம் நானே கேட்டுவிட்டேன். உன் கேள்வி சரியான கேள்வி.